லினக்ஸ் டெர்மினல் நிரலை மற்ற யூனிக்ஸ்களுக்குப் போர்ட் செய்தல்: முழுமையான வழிகாட்டி

லினக்ஸில் எழுதிய ஒரு நிரல் ஃப்ரீபிஎஸ்டியில் பிழை ஏதும் காட்டாமல் கம்பைல் ஆனதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். டெர்மினல், கீபோர்டு, மவுஸ், சீரியல் போர்ட் ஆகியவற்றைத் தொடும் நிரல்களில் உண்மையான வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஃபங்ஷனின் பெயர் ஒன்றே, அது வாங்கும் மதிப்புகளும் ஒன்றே, ஆனால் நடத்தை வேறு. கம்பைலர் இதைப் பிடிக்காது. மேக்கில் ஒருவர் கன்ட்ரோல்-ஓ அழுத்தி எதுவும் நடக்காமல் திகைக்கும்போதுதான் தெரியவரும்.

இதற்குக் காரணம் வரலாறு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் டெர்மினலை ஆள எஸ்ஜிடிடிஒய் என்ற இடைமுகம் இருந்தது. பிஎஸ்டி கிளை அதையே நீட்டித்தது. ஏடி அண்ட் டியின் சிஸ்டம் த்ரீ, டெர்மியோ என்று தனி வழியில் போனது. 1988இல் யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ் இரண்டையும் சேர்த்து டெர்மியோஸ் என்ற பொது இடைமுகத்தை வகுத்தது. ஆனால் பெயர்களை ஒன்றாக்கியவர்கள், உள்ளே இருந்த பழைய வேறுபாடுகள் பலவற்றுக்கு அனுமதியும் கொடுத்தார்கள். கீபோர்டு, மவுஸ் போன்ற உள்ளீட்டுச் சாதனங்களுக்கோ பாசிக்ஸில் இடமே இல்லை. அங்கே ஒவ்வொரு கர்னலும் தனி உலகம்.

இந்த வழிகாட்டி லினக்ஸிலிருந்து ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, மேக்ஓஎஸ், சோலாரிஸ் பக்கம் போகிறவர்களுக்கானது. சி மொழியும் அடிப்படை சிஸ்டம் கால்களும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபங்ஷன், மாறிலிப் பெயர்களை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன்; மேனுவலில் தேடுவது எளிது.

படி 1: எழுத்து வேறு, விசை வேறு

ஒரு வரி கோடு மாற்றும் முன், நிரலுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். டெர்மினல் தருவது எழுத்துகளின் பைட்டுகளை. உள்ளீட்டுச் சாதனம் தருவது விசை அழுத்தப்பட்டது, விடப்பட்டது என்ற நிகழ்வுகளை. எடிட்டர், ஷெல், மெயில் நிரலுக்கு எழுத்து போதும். விளையாட்டு, விண்டோ மேனேஜர், விசை மாற்றிகள் ஆகியவற்றுக்கு விசை வேண்டும். இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் கலந்து வைத்திருக்கும் நிரலைப் போர்ட் செய்வது கொடுமை. முதலில் லினக்ஸிலேயே அதைப் பிரித்து, லினக்ஸிலேயே சோதித்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

அடுத்து, சோர்ஸ் முழுவதும் தேடி ஒரு பட்டியல் எடுங்கள். "லினக்ஸ்/" என்று தொடங்கும் ஹெடர்கள், சாதனங்களுக்குக் கட்டளையிடும் ஐஆக்டில் அழைப்புகள், /டெவ், /ப்ராக், /சிஸ் என்று தொடங்கும் பாதைகள், ஈபோல், ஐநோட்டிஃபை. இவை தொட்ட இடமெல்லாம் வேலை உண்டு. டெர்மினலின் பெயரைக் கண்டுபிடிக்க /ப்ராக் அடியில் தேடும் கோடு வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். ஃப்ரீபிஎஸ்டியில் /ப்ராக் இயல்பாக மவுண்ட் ஆவதில்லை. அந்த இடத்தில் டிடிஒய்நேம் ஃபங்ஷனைப் போட்டால் எல்லா இடத்திலும் ஓடும்.

ஐஆக்டில் எண்களை நேரடியாக எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். விண்டோ அளவைக் கேட்கும் எண், பதினாறடிமானத்தில், எக்ஸ்86 லினக்ஸில் 5413. பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் 40087468. லினக்ஸுக்குள்ளேயே எல்லா பிராசஸருக்கும் இது ஒன்றல்ல. ஹெடரில் உள்ள பெயரை மட்டும் நம்புங்கள்.

படி 2: ஹெடர்களும் மேக்ரோக்களும்

பாசிக்ஸுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பலர் கோப்பின் தலையில் எக்ஸ்ஓபன் சோர்ஸ் அல்லது பாசிக்ஸ் சி சோர்ஸ் மேக்ரோவை வரையறுப்பார்கள். பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் இது எதிர்விளைவு தரும். அந்த மேக்ரோவைக் கண்டதும் ஹெடர்கள் தரத்தில் இல்லாத பெயர்களை மறைத்துவிடும். சிஎஃப்மேக்ரா, சிஆர்டிஎஸ்சிடிஎஸ் எல்லாம் "வரையறுக்கப்படவில்லை" என்று வரும். இல்லாததால் அல்ல, ஒளித்து வைக்கப்பட்டதால். மேக்கில் டார்வின் சி சோர்ஸ், நெட்பிஎஸ்டியில் நெட்பிஎஸ்டி சோர்ஸ், சோலாரிஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் மேக்ரோ, லினக்ஸில் டிஃபால்ட் சோர்ஸ் என்று கூடவே வரையறுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் எதையும் வரையறுக்காமல் விடுவதே நல்லது.

பில்டில் "இது எந்த இயங்குதளம்?" என்று கேட்காதீர்கள். "இந்த வசதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஃபோர்க்பிடிஒய் ஃபங்ஷனைப் பாருங்கள்: லினக்ஸில் அதன் ஹெடர் பிடிஒய், ஃப்ரீபிஎஸ்டியில் லிப்யூட்டில், மற்ற பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் யூட்டில். லிப்யூட்டில் நூலகத்தோடு இணைக்க வேண்டுமா என்பதும் மாறும், லினக்ஸின் சி நூலகமான க்ளிப்சியின் 2.34 பதிப்பிலிருந்து அது லிப்சிக்குள்ளேயே போய்விட்டது. இதை இயங்குதளப் பெயரால் கிளை பிரித்து எழுதினால் இரண்டே வருடத்தில் பொய்யாகிவிடும். ஆட்டோகான்ஃபோ மீசானோ சீமேக்கோ, எதுவானாலும் ஒரு சிறு சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

படி 3: டெர்மினல் மோடு

பெரும்பாலான பிழைகள் பிறப்பது இங்கேதான். நிதானமாகப் பாருங்கள்.

விசை அழுத்தியவுடன் எழுத்து வர வேண்டும் என்றால் வரி முடியும் வரை எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் கேனானிக்கல் மோடை அணைக்க வேண்டும். லினக்ஸில் பழகியவர்கள் ஐகேனான், எக்கோ என்ற இரண்டு ஃபிளாக்குகளை மட்டும் அணைத்துவிட்டு நகர்வார்கள். லினக்ஸில் அது சரியாகவே ஓடும். ஏனென்றால் கன்ட்ரோல்-வி போன்ற நீட்டிப்பு எழுத்துகளை லினக்ஸ் கர்னல் கேனானிக்கல் மோடில் மட்டுமே கவனிக்கிறது. பிஎஸ்டி வழியில் அப்படியல்ல. ஐஎக்ஸ்டென் ஃபிளாக் எரிந்துகொண்டிருக்கும் வரை அவை உயிரோடு இருக்கும். அதனால்தான் மேக்கில் கன்ட்ரோல்-வி, கன்ட்ரோல்-ஓ இரண்டும் நிரலுக்கு வந்து சேர்வதில்லை. கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் நிரல் இடைநிறுத்தமே ஆகும். அந்தக் கன்ட்ரோல்-ஒய், விடிசஸ்ப் என்ற தாமத இடைநிறுத்த எழுத்து. லினக்ஸில் அது இல்லவே இல்லை. தீர்வு ஒரே வரி: ஐஎக்ஸ்டென்னையும் அணையுங்கள். கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-க்யூ வேண்டுமானால் ஐஎக்ஸ்ஆனையும், என்டரும் கன்ட்ரோல்-ஜேயும் வேறுவேறாகத் தெரிய வேண்டுமானால் ஐசிஆர்என்எல்லையும் அணையுங்கள்.

அடுத்தது விமின், விடைம். குறைந்தது எத்தனை பைட் வந்தால் ரீட் திரும்ப வேண்டும், எத்தனை பத்தில்-ஒரு நொடி காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் இரண்டு இடங்கள். எக்ஸ்86 லினக்ஸிலும் பிஎஸ்டிகளிலும் இவற்றுக்குத் தனி இடம் உண்டு. பாசிக்ஸோ, விமின்னும் விஈஓஎஃபும் ஒரே இடத்தைப் பகிரலாம், விடைமும் விஈஓஎல்லும் பகிரலாம் என்கிறது. சோலாரிஸ் பகிர்கிறது. கோப்பு முடிவைக் குறிக்கும் கன்ட்ரோல்-டி எழுத்தின் எண் 4. நீங்கள் விமின்னை அமைக்காமல் ஐகேனானை மட்டும் அணைத்தால், அந்த 4 இப்போது விமின் ஆகிவிடும். விளைவு: நான்கு விசை அழுத்தும் வரை நிரல் அசையாது. "சோலாரிஸில் கீபோர்டு மந்தம்" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எப்போதும் விமின் 1, விடைம் 0 என்று நீங்களே எழுதுங்கள். திரும்பும்போது தனித்தனி ஃபிளாக்கைத் திருப்பாமல், முதலில் வாங்கி வைத்த கட்டமைப்பை முழுதாகத் திருப்பி வையுங்கள். பகிரும் இடங்களும் அதனோடு சரியாகிவிடும்.

இந்த வேலை முழுவதையும் சிஎஃப்மேக்ரா ஒரே அழைப்பில் செய்யுமே என்று கேட்கலாம். அது பிஎஸ்டியிலிருந்து வந்த வசதி, பழைய சோலாரிஸில் கிடையாது. பத்து வரிதான் வரும்; சொந்தமாக எழுதிக்கொள்வதே என் பரிந்துரை. எந்த ஃபிளாக் எரிகிறது, எது அணைகிறது என்பது கண்முன் இருக்கும்.

டிசிசெட்அட்டர் வெற்றி என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். கேட்ட மாற்றங்களில் ஏதேனும் ஒன்றைச் செய்ய முடிந்தாலும் அது வெற்றி என்றே திருப்பும். தரமே அப்படித்தான் வகுத்திருக்கிறது. டிசிகெட்அட்டர் மூலம் மறுபடி வாங்கி, உங்களுக்கு முக்கியமான ஃபிளாக்குகளை ஒப்பிடுங்கள். சீரியல் போர்ட்டில் இது இன்னும் அவசியம்.

ஒரு சிறப்பு எழுத்தை அணைக்க அதன் இடத்தில் சுழியம் வைப்பது லினக்ஸில் சரி. பிஎஸ்டிகளில் அணைக்கும் மதிப்பு 255. பாசிக்ஸ் விடிசேபிள் என்ற மாறிலி இதற்காகவே இருக்கிறது. அதேபோல பேக்ஸ்பேஸ் விசை 127 அனுப்புமா 8 அனுப்புமா என்று ஊகிக்காதீர்கள். விஇரேஸ் இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்தப் பயனரின் பேக்ஸ்பேஸ்.

மேக்குக்கு மட்டும் இன்னும் இரண்டு. அங்கே போல் அழைப்பு சாதனக் கோப்புகளில் வேலை செய்யாது என்று அதன் மேனுவலே நெடுங்காலமாகச் சொல்கிறது. /டெவ்/டிடிஒய் மேல் காத்திருக்க செலக்டைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, கேனானிக்கல் மோடில் ஒரு வரிக்கு 1024 பைட் வரம்பு. லினக்ஸில் அது 4096. நீண்ட டோக்கனை ஒட்டச் சொல்லும் நிரல்கள் மேக்கில் சிக்குவது இதனால்தான். அந்த உள்ளீட்டை மட்டும் கேனானிக்கல் அல்லாத மோடில் வாங்குங்கள்.

படி 4: விண்டோ அளவும் சிக்னல்களும்

இது சுருக்கமான படி. விண்டோ அளவு மாறினால் வரும் சிக்விஞ்ச் சிக்னல் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் பாசிக்ஸுக்குள் அது நுழைந்தது 2024 பதிப்பில்தான், டிசிகெட்வின்சைஸ் ஃபங்ஷனோடு சேர்ந்து. பழைய கணினிகளுக்காக ஐஆக்டில் வழியையும் வைத்திருங்கள். சில சீரியல் கன்சோல்களில் அளவு 0, 0 என்று வரும்; அப்போது டெர்மினல் விவரங்களின் தரவுத்தளமான டெர்மின்ஃபோவின் மதிப்பை எடுங்கள், அதுவும் இல்லையென்றால் 80க்கு 24.

கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பின்னணிக்குப் போய்த் திரும்பும் நிரல், சிக்கான்ட் வந்ததும் மோடை மறுபடி அமைத்து, அளவையும் மறுபடி கேட்க வேண்டும். பின்னணியில் இருக்கும்போது டிசிசெட்அட்டர் அழைத்தால் சிக்டிடிஓயு வந்து நிரல் நின்றுவிடும். பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் கன்ட்ரோல்-டீ என்ற எழுத்துக்கு சிக்இன்ஃபோ என்ற சிக்னல் உண்டு: ஆங்கில வரிசையின் இருபதாம் எழுத்தோடு கன்ட்ரோலை அழுத்துவது. நகல் எடுக்கும், பதிவிறக்கும் நிரல்களில் இதற்கு முன்னேற்றத்தைக் காட்டினால் பிஎஸ்டிக்காரர்கள் மனமார நன்றி சொல்வார்கள். சிக்னல் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் கம்பைல் ஆகும்படி எழுதுங்கள்.

படி 5: சூடோ டெர்மினல்

டெர்மினல் எமுலேட்டர், எஸ்எஸ்எச், டிமக்ஸ் போன்றவை நம்பியிருப்பது இது. மென்பொருளாலான டெர்மினல்: எமுலேட்டர் பிடிக்கும் முனை மாஸ்டர், ஷெல் பிடிக்கும் முனை ஸ்லேவ். பழைய பிஎஸ்டி முறையில் பிடிஒய்பி0, பிடிஒய்பி1 என்று வரிசையாகத் திறந்து பார்த்து, காலியாக இருப்பதைப் பிடிக்க வேண்டும். அந்தக் கோடு கண்ணில் பட்டால் நீக்கிவிடுங்கள். பாசிக்ஸ் ஓபன்பிடி, கிராண்ட்பிடி, அன்லாக்பிடி, பிடிஎஸ்நேம் என்ற நான்கும் இன்று எங்கும் கிடைக்கின்றன.

சைல்ட் பிராசஸில் வரிசை முக்கியம். முதலில் செட்எஸ்ஐடி. பிறகு ஸ்லேவ் பக்கத்தைத் திறக்க வேண்டும். லினக்ஸிலும் சோலாரிஸிலும் திறந்தவுடன் அதுவே கட்டுப்பாட்டு டெர்மினல் ஆகிவிடும். பிஎஸ்டிகளில் ஆகாது, டிஐஓசிஎஸ்சிடிடிஒய் ஐஆக்டிலை வெளிப்படையாக அழைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் உள்ளே ஓடும் ஷெல் "ஜாப் கன்ட்ரோல் இல்லை" என்று புலம்பும், கன்ட்ரோல்-சி யாரையும் போய்ச் சேராது. லினக்ஸிலும் அழைப்பதால் கெடுதல் இல்லை. எனவே அந்த ஐஆக்டில் வரையறுக்கப்பட்டிருந்தால் எப்போதும் அழைத்துவிடுங்கள்.

சோலாரிஸில் இன்னொரு வேலை உண்டு. அங்கே டெர்மினல்கள் ஸ்ட்ரீம்ஸ் கட்டமைப்பில் உள்ளவை. திறந்த ஸ்லேவ் வெறும் குழாய்தான். அதன்மேல் பிடிஎம், எல்டிடெர்ம் என்ற இரண்டு தொகுதிகளை ஐபுஷ் ஐஆக்டிலால் ஏற்றிய பிறகே அது டெர்மினலாக நடந்துகொள்ளும். இதே காரணத்தால் மாஸ்டர் பக்கத்தில் டிசிகெட்அட்டர் அழைத்தால் சோலாரிஸ் மறுக்கும். மோடு, அளவு இரண்டையும் ஸ்லேவ் பக்கத்தில் அமைக்கப் பழகிவிட்டால் எங்கும் தொல்லையில்லை.

முடிவைக் கண்டறிவது அடுத்த பொறி. ஸ்லேவை வைத்திருந்த கடைசி பிராசஸும் மூடியபின் மாஸ்டரில் ரீட் செய்தால், லினக்ஸ் ஈஐஓ என்ற பிழையைத் தரும். பிஎஸ்டிகளும் மேக்கும் 0 தரும், சாதாரணக் கோப்பு முடிவைப் போலவே. லினக்ஸில் மட்டும் சோதித்த நிரல், மேக்கில் 0 வந்ததும் மறுபடி மறுபடி ரீட் அழைத்து ஒரு கோர் முழுவதையும் தின்னும். மறுதிசையில் போர்ட் செய்தால், இயல்பான முடிவுக்கு "உள்ளீட்டுப் பிழை" என்று பயனரைப் பயமுறுத்தும். இரண்டையும் முடிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஐஓசிஎஸ்டிஐ என்ற ஐஆக்டில், டெர்மினலுக்குள் எழுத்துகளைத் திணிக்க உதவியது. பாதுகாப்புக் காரணத்தால் ஓபன்பிஎஸ்டி 2017இல் அதை நீக்கிவிட்டது. லினக்ஸ் 6.2இலிருந்து அதை அணைத்து வைக்கலாம். உங்கள் நிரல் அதைச் சார்ந்திருந்தால் அந்த வசதியையே சூடோ டெர்மினல் வழியாகத் திருப்பி எழுதுங்கள். வேறு வழி தேட வேண்டாம்.

படி 6: சீரியல் போர்ட்

பெயர்கள் எங்கும் வேறு. லினக்ஸில் டிடிஒய்எஸ்0, டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்ஏசிஎம்0. ஃப்ரீபிஎஸ்டியில் டிடிஒய்யூ0, குவாயூ0. ஓபன்பிஎஸ்டியில் டிடிஒய்00, குவா00. மேக்கில் "டிடிஒய்." என்றும் "கியூ." என்றும் தொடங்கும் இணைகள். சோலாரிஸில் டெர்ம், குவா என்ற இரு அடைவுகள். பெயரை நிரலில் பதிக்காமல் பயனரிடம் வாங்குங்கள்.

பெயர் ஏன் இரட்டையாக இருக்கிறது என்பதே முக்கியம். டிடிஒய் வகை, மோடம் அழைப்பை ஏற்கக் காத்திருக்கும் சாதனம். கேரியர் சிக்னல் வரும் வரை ஓபன் அழைப்பே திரும்பாது. குவா வகை, நாம் வெளியே அழைப்பதற்கானது; உடனே திறக்கும். மேக்கில் ஆர்டுயினோவைத் திறந்தால் நிரல் உறைந்துபோகிறது என்றால், "டிடிஒய்." பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். "கியூ." கொடுங்கள். அதோடு ஓ நான்பிளாக்கோடு திறந்து, சிலோக்கலை ஏற்றி, பிறகு நான்பிளாக்கை எடுப்பது எங்கும் பாதுகாப்பு.

வேகத்தை எண்ணாக எழுதாதீர்கள். பிஎஸ்டிகளில் பி9600 என்ற மாறிலியின் மதிப்பு 9600தான். லினக்ஸில் அது வழிவழியாக 13. எனவே பிஎஸ்டியில் வெறும் 9600 கொடுத்து ஓடிய கோடு, க்ளிப்சி 2.42க்கு முந்தைய லினக்ஸில் ஓடாது. மாறிலிப் பட்டியலில் இல்லாத வேகம் வேண்டுமானால், அந்தப் பழைய லினக்ஸில் டெர்மியோஸ்2 கட்டமைப்பும் பாதர் ஃபிளாக்கும், மேக்கில் ஐஓஎஸ்எஸ்ஐஓஸ்பீட் ஐஆக்டிலும் வேண்டும். பிஎஸ்டிகளில் எண்ணை அப்படியே கொடுக்கலாம்.

ஷெல் ஸ்கிரிப்ட்டுகளையும் மறக்காதீர்கள். சாதனத்தைக் குறிக்க எஸ்டிடிஒய் கட்டளைக்கு லினக்ஸில் பெரிய எஃப், பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் சிறிய எஃப். இன்னொன்று: ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட்டைக் கடைசியாக மூடியதும் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு வரியில் எஸ்டிடிஒய், அடுத்த வரியில் கேட் என்று லினக்ஸில் ஓடும் ஸ்கிரிப்ட் அங்கே குப்பை எழுத்துகளைக் காட்டும். போர்ட்டைத் திறந்தே வைத்திருங்கள், அல்லது பெயரோடு ".இனிட்" சேர்ந்த சாதனத்தில் அமைப்பைப் பதியுங்கள். அனுமதிக் குழுவும் மாறும்: டெபியனில் டயல்அவுட், ஆர்ச்சில் யூயூசிபி, ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓபன்பிஎஸ்டியிலும் டயலர்.

படி 7: கீபோர்டும் மவுஸும் நேரடியாக

இங்கே பொதுத் தரம் எதுவும் இல்லை என்று முன்பே சொன்னேன். எனவே உங்கள் நிரலுக்குள் ஒரு சொந்த நிகழ்வு அமைப்பை வகுத்து, ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு சிறிய பின்தளம் எழுதுவதே நேர்மையான வழி.

விசை எண்ணில் தொடங்குங்கள். ஏ என்ற விசையை எடுத்துக்கொள்வோம். லினக்ஸின் உள்ளீட்டு இடைமுகமான ஈவ்டெவ் அதற்குத் தரும் எண் 30. எக்ஸ்11இல் 38, ஏனென்றால் அது ஈவ்டெவ் எண்ணோடு 8 கூட்டுகிறது. யூஎஸ்பி எச்ஐடி தரத்தில் 4. மேக்கின் மெய்நிகர் விசை எண்ணில் 0. லினக்ஸ் எண்களையே உள் எண்ணாக வைத்துக்கொண்டால் மற்ற எல்லாப் பின்தளங்களும் லினக்ஸ் போல நடிக்க வேண்டியிருக்கும். யூஎஸ்பி எச்ஐடி எண்களையே உள் எண்ணாக வையுங்கள் என்பேன். அது வன்பொருள் தரம், எந்தக் கர்னலின் விருப்பத்துக்கும் மாறாது.

லினக்ஸில் /டெவ்/இன்புட் அடியில் ஈவென்ட்0, ஈவென்ட்1 என்று சாதனங்கள். ஒவ்வொரு ரீட்டும் நேரம், வகை, குறி, மதிப்பு அடங்கிய கட்டமைப்புகளைத் தரும். 64 பிட்டில் ஒன்றுக்கு 24 பைட், 32 பிட்டில் வழக்கமாக 16. மதிப்பு 1 என்றால் அழுத்தம், 0 விடுதல், 2 தானியங்கி மீளல். அந்த 2ஐப் பின்தளத்திலேயே தள்ளிவிட்டு, மீளலை நீங்களே செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே வேகம் கிடைக்கும். சின்டிராப்ட் வந்தால் கர்னலின் இடையகம் நிரம்பி நிகழ்வுகள் தொலைந்துவிட்டன என்று பொருள். அப்போது எந்தெந்த விசை அழுந்தியிருக்கிறது என்று மறுபடி கேட்காவிட்டால், ஷிஃப்ட் அழுந்தியபடியே ஒட்டிக்கொள்ளும்.

ஃப்ரீபிஎஸ்டிக்கு 2016இல் ஈவ்டெவ் வந்தது. போர்ட் செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஹெடரின் இடம் மட்டும் வேறு; ஈவ்டெவ்-ப்ரோட்டோ தொகுப்பை நிறுவினால் லினக்ஸ் பாதையிலேயே கிடைத்துவிடும். நிகழ்வுகள் இரட்டையாக வந்தாலோ வராமலே போனாலோ கெர்ன்.ஈவ்டெவ்.ஆர்சிபிடி_மாஸ்க் என்ற சிஸ்கன்ட்ரோல் மதிப்பைப் பாருங்கள். நிகழ்வு நேரடி வன்பொருளிலிருந்து வருவதா, கேபிடிமக்ஸ், சிஸ்மவுஸ் போன்ற பொதுச் சாதனத்திலிருந்து வருவதா என்பதை அது தீர்மானிக்கிறது. சாதனங்கள் வந்துபோவதைக் கவனிக்கும் யூடெவ் அங்கே இல்லை. லிப்யூடெவ்-டெவ்டி, ஈபோல்-ஷிம் என்ற இரண்டு நூலகங்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் நூலகம் அங்கே ஓடுவது இவற்றின் துணையோடுதான்.

ஓபன்பிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் டபிள்யூஎஸ்கான்ஸ் என்ற வேறு அமைப்பு. எல்லாக் கீபோர்டுகளும் சேர்ந்த /டெவ்/டபிள்யூஎஸ்கேபிடி, எல்லா மவுஸும் சேர்ந்த /டெவ்/டபிள்யூஎஸ்மவுஸ். கட்டமைப்பில் வகை, மதிப்பு, நேரம் என்று மூன்றே உறுப்புகள். அழுத்தமும் விடுதலும் வகையில் வரும். விசை எண் மதிப்பில் வரும். ஈவ்டெவ் பழக்கத்தில் எழுதினால் இது தலைகீழாகத் தெரியும். கவனிக்க வேண்டியவை நான்கு. விசை எண் கீபோர்டின் இனத்தைப் பொறுத்தது. டபிள்யூஎஸ்கேபிடிஐஓ ஜிடைப் ஐஆக்டிலால் யூஎஸ்பியா பழைய பிசி வகையா என்று கேட்டறிந்து அதற்கேற்ற அட்டவணையை எடுங்கள். மவுஸின் ஒய் அச்சு மேல்நோக்கி நேர்மம். ஈவ்டெவ்வில் கீழ்நோக்கி நேர்மம். குறியை மாற்ற மறந்தால் சுட்டி தலைகீழாக ஓடும். லினக்ஸில் ஒரு சாதனத்தைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் திறக்கலாம், கன்சோலுக்கும் எழுத்து போகும். இங்கே ஒருவர் திறந்தால் அடுத்தவருக்கு ஈபிஸி பிழை, கன்சோலுக்கும் எழுத்து போகாது. நெட்பிஎஸ்டியில் கட்டமைப்பின் பதிப்பை செட்வெர்ஷன் ஐஆக்டிலால் அறிவித்துவிட்டே ரீட் செய்யுங்கள். நேர வகை 64 பிட்டுக்கு மாறியதன் விளைவு அது.

மேக்கில் சாதனக் கோப்பே இல்லை. ஐஓகிட்டின் எச்ஐடி மேனேஜர் வழியாகப் போக வேண்டும். அது தருவது எச்ஐடி எண்களையே என்பதால், உள் எண்ணாக அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து கீபோர்டைக் கேட்கப் பயனர் "இன்புட் மானிட்டரிங்" அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாதபோது அமைதியாக இருக்காமல், எங்கே போய் அனுமதி தர வேண்டும் என்று நிரல் தெளிவாகச் சொல்லட்டும்.

டச்பேடை மட்டும் நீங்களே கையாள முயலாதீர்கள். உள்ளங்கை படுவதைத் தள்ளுவது, இரு விரல் உருட்டல், வேகமுடுக்கம் எல்லாம் வருடக்கணக்கான வேலை. லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் லிப்இன்புட்டிடம் விடுங்கள். ஓபன்பிஎஸ்டியில் கர்னலே அதைச் செய்து மவுஸ் நிகழ்வாகத் தருகிறது.

படி 8: கன்சோலைக் கைப்பற்றும் நிரல்கள்

எக்ஸ் இல்லாமல் நேரே திரையில் வரையும் நிரல்கள், கேடிஎஸ்கேபிமோட் ஐஆக்டிலால் கன்சோல் கீபோர்டை அணைக்கின்றன. லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பெயர் ஒன்று, ஹெடரும் சில மோடுகளும் வேறு. கேஆஃப் என்ற மோடு லினக்ஸுக்கே உரியது. ஓபன்பிஎஸ்டியில் ஒத்திசைவு ஹெடர் ஒன்று உண்டு. மேக்கில் இந்தக் கருத்தே இல்லை. எந்த இடமானாலும், நிரல் செத்தால் கீபோர்டும் செத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சாகடிக்கும் சிக்னல்கள் அனைத்திலும் பழைய மோடைத் திருப்பி வையுங்கள். சிக்கில்லைப் பிடிக்க முடியாது என்பதால், கன்சோலைக் காவல் காக்கும் ஒரு சிறிய தாய் பிராசஸை வைப்பது இன்னும் நல்லது. சோதிக்கும்போது வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் திறந்து வைத்திருங்கள். லினக்ஸில் சிஸ்ஆர்க்யூவோடு ஆர் விசை, கீபோர்டை ரா மோடிலிருந்து மீட்கும்.

படி 9: தமிழ் தட்டும்போது

ஆங்கிலம் மட்டும் தட்டிச் சோதிக்கிறவர்கள் இந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. நாம் பார்க்காவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை.

யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கி" என்பது இரண்டு குறியீடு, 6 பைட். கேனானிக்கல் மோடில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கர்னல் எத்தனை பைட்டை அழிக்கும் என்பதை ஐயூடிஎஃப்8 ஃபிளாக் முடிவு செய்கிறது. லினக்ஸில் 2.6.4இலிருந்து உண்டு, மேக்கிலும் உண்டு. ஆனால் பாசிக்ஸில் இல்லை, எல்லா பிஎஸ்டிகளிலும் எதிர்பார்க்க முடியாது. அது இல்லாத இடத்தில் ஒரு பைட் மட்டும் அழிந்து, வரியில் உடைந்த எழுத்து மிஞ்சும். எஸ்எஸ்எச் இந்த ஃபிளாக்கை மறுமுனைக்குக் கொண்டுசெல்லும் வழியை ஆர்எஃப்சி 8160 வகுத்தது, 2017இல்.

ஃபிளாக் இருந்தாலும் முழுத் தீர்வில்லை. லினக்ஸ் கர்னல் அழித்த ஒவ்வொரு குறியீட்டுக்கும் திரையில் ஒரு கட்டம் பின்னால் போகும். "க்" என்று தட்டி ஒருமுறை அழித்தால் வரியிலிருந்து போவது புள்ளி மட்டும். புள்ளிக்குத் தனிக் கட்டம் தராத டெர்மினலில் கண்ணெதிரே ககரமே மறைந்துவிடும். வரிக்குள் ககரம் இருக்கிறது, திரையில் இல்லை.

கட்டக் கணக்கு இன்னும் சிக்கல். யூனிகோடில் "ீ", "்" இரண்டும் இடம் பிடிக்காத குறி என்ற வகை. "ி", "ா", "ு" போன்றவை இடம் பிடிக்கும் குறி. ஒரு குறியீட்டுக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும் டபிள்யூசிவிட்த் ஃபங்ஷன் பல இடங்களில் இந்த வகையை அப்படியே எடுத்துக்கொள்வதால், "கீ" ஒரு கட்டம், "கி" இரண்டு கட்டம் என்று கணக்கு வரும். ஒவ்வொரு லிப்சியின் அட்டவணையும் வேறு, டெர்மினலின் அட்டவணை இன்னும் வேறு. நிரல் ஒரு கணக்கும் திரை வேறு கணக்கும் போட்டால் கர்சர் விலகிப்போகும். நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, ஒரே அட்டவணையை நிரலோடு சேர்த்துக் கொண்டுபோய் எல்லா இயங்குதளத்திலும் அதையே பயன்படுத்துவது. இரண்டு, தொடக்கத்தில் ஒரு "கி"யை எழுதி, கர்சர் எங்கே இருக்கிறது என்று டெர்மினலிடமே கேட்டு, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துவது. எடிட்டர் எழுதுகிறவர்கள் இரண்டையும் செய்யுங்கள். பேக்ஸ்பேஸ் முழு எழுத்தை அழிப்பதா, குறியை மட்டும் அழிப்பதா என்பதும் உங்கள் கோடிலேயே முடிவாகட்டும், கர்னலிடம் விடாதீர்கள்.

படி 10: சோதனை

ஃப்ரீபிஎஸ்டி திட்டம் ஆயத்த மெய்நிகர் கணினிப் படிமங்களை வெளியிடுகிறது. ஓபன்பிஎஸ்டியையும் நெட்பிஎஸ்டியையும் கியூஎமுவில் எளிதாக நிறுவலாம். கீபோர்டு, சீரியல் இரண்டை மட்டும் உண்மையான வன்பொருளில் ஒருமுறையாவது பாருங்கள். சிஸ்டம் கால்களைப் பார்க்க லினக்ஸில் எஸ்ட்ரேஸ், ஃப்ரீபிஎஸ்டியில் ட்ரஸ், ஓபன்பிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் கேட்ரேஸ்.

தானியங்கிச் சோதனையை ஒரு சூடோ டெர்மினலுக்குள் நிரலை ஓட்டி எழுதுங்கள். 0 முதல் 31 வரையுள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பி, அத்தனையும் நிரலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணுங்கள். படி 3இல் சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே சோதனையில் பிடிபடும். பிறகு கையால்: ஓடும்போது விண்டோவைச் சுருக்குங்கள், இடைநிறுத்தித் திரும்புங்கள், சைல்டைக் கொல்லுங்கள், யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். கேபிள் பிடுங்கினால் வரும் பிழை எண் ஈஐஓ, ஈநோடெவ், ஈஎன்எக்ஸ்ஐஓ என இயங்குதளத்துக்கும் சாதனத்துக்கும் ஏற்ப மாறும். மூன்றையும் "சாதனம் போய்விட்டது" என்று ஒரே வழியில் கையாளுங்கள். நிரல் முடிந்தபின் எஸ்டிடிஒய் -ஜி தரும் வரி, தொடங்கும் முன் தந்த வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

ஓபன்பிஎஸ்டியில் கூடுதலாக ஒன்று செய்யலாம். டெர்மினலைத் திறந்த பிறகு, இன்னின்ன வகை அழைப்புகளை மட்டுமே செய்வேன் என்று கர்னலிடம் உறுதி கூறும் பிளெட்ஜ் அழைப்பில் எஸ்டிடிஐஓ, டிடிஒய் என்ற இரண்டு உறுதிமொழிகளை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நிரல் எதிர்பாராத ஐஆக்டிலைத் தொட்டால் கர்னல் அங்கேயே அதைக் கொன்றுவிடும். கோர் கோப்பைத் திறந்தால், நீங்கள் பட்டியலில் விட்டுவிட்ட அழைப்பு எந்த வரியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் ஓடியதும் திருத்தங்களை ஒரே பெரிய பேட்ச்சாக மூல நிரலாசிரியருக்கு அனுப்பாதீர்கள். ஐஎக்ஸ்டென், விமின், ஈஐஓ போன்றவை லினக்ஸிலும் சரியான திருத்தங்களே. அவற்றை முதலில், தனித்தனியாக, ஏன் தேவை என்ற விளக்கத்தோடு அனுப்புங்கள். அவை ஏற்கப்பட்ட பிறகு டபிள்யூஎஸ்கான்ஸ், ஐஓகிட் பின்தளங்களைத் தனித்தனிக் கோப்புகளாக அனுப்புங்கள்.